பீன்யாவின் ஒரு தொழிற்கூடத்தில் 34 கணினிகளும் 5 பிரிண்டர்களும்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில், இயந்திர உதிரிபாகங்களைக் கடைந்து வெளியூர்களுக்கு அனுப்பும் நடுத்தரத் தொழிற்கூடம் ஒன்றின் கணினிகளை 2019ஆம் ஆண்டு முதல் பராமரித்து வருகிறேன். அலுவலகத்திலும் பட்டறையிலுமாக 34 கணினிகள் இருக்கின்றன. கணக்குப் பிரிவு, நிர்வாகப் பிரிவு, வரைபடப் பிரிவு ஆகியவற்றில் நெட்வொர்க் கேபிள் செருகும் வசதியுள்ள லேசர் பிரிண்டர்கள் ஒவ்வொன்று, ஸ்டோரில் யுஎஸ்பி வசதி மட்டுமே கொண்ட சிறிய லேசர் பிரிண்டர் ஒன்று, சரக்கு அனுப்பும் பிரிவில் ஊசிகளால் எழுத்தைப் பதிக்கும் டாட் மேட்ரிக்ஸ் ஒன்று என மொத்தம் 5 பிரிண்டர்கள் தொடக்கத்தில் இருந்தன. நெட்வொர்க் பிரிண்டரை நிறுவுவது என்றால் ஒவ்வொரு கணினியின் முன்னாலும் அமர்ந்து செய்து முடிக்கும் வேலை என்றே அப்போது நினைத்திருந்தேன். அந்த வேலையின் பெரும்பகுதி கணினிகளைத் தொடுவதற்கு முன்பே, ரவுட்டரிலும் பிரிண்டரின் சொந்த அமைப்புப் பக்கத்திலும் ஒரு தாளிலும் முடிந்திருக்க வேண்டும் என்பதை அந்தத் தொழிற்கூடம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

முதல் முறை நான் செய்தது இதுதான். பிரிண்டருக்குக் கேபிளைச் செருகினேன். ரவுட்டர் அதற்கு ஓர் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கண்டுகொள்ள உதவும் எண்ணை, தானாகவே கொடுத்தது. பாதிக் கணினிகளில் பிரிண்டருடன் வந்த மென்பொருளை ஓட்டி நிறுவினேன். நேரமாகிவிட்டதால், மீதிக் கணினிகளில் விண்டோஸின் 'பிரிண்டரைச் சேர்' பொத்தானை அழுத்தி, பட்டியலில் தோன்றிய பெயரைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாவற்றிலும் டெஸ்ட் பேஜ் வந்தது. மாலை 5 மணிக்குள் 34 கணினிகளையும் முடித்துவிட்டு, மெட்ரோவில் ஸ்ரீராமபுரத்துக்கு நிறைவோடு திரும்பினேன்.

ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேட்டையில் நீண்ட நேரம் மின்சாரம் இல்லை. திங்கள் காலை கணக்குப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் அம்மா அழைத்தார். கோலார் தங்கவயலைச் சேர்ந்த அவர், மாரிக்குப்பம் ரயிலில் நாள்தோறும் வந்து போகிறவர். குரலை உயர்த்தவே மாட்டார். "தம்பி, பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது. லாரி வாசல்ல நிக்குது, பில் கையில வந்தாத்தான் கேட்ல விடுவாங்க" என்றார். போய்ப் பார்த்தால் சில கணினிகளிலிருந்து பிரிண்ட் வந்தது, சிலவற்றிலிருந்து வரவில்லை, இன்னும் சிலவற்றில் ஒருமுறை வந்து மறுமுறை நின்றது. கணக்குப் பிரிவு பிரிண்டரின் முகவரிக்குப் பிங் அனுப்பினேன், அதாவது அந்த முகவரியில் கருவி இயங்குகிறதா என்று கேட்டேன். உடனே பதில் வந்தது. பிரிண்டர் உயிரோடு இருக்கிறது, கோளாறு கணினிகளில்தான் இருக்கிறது என்று முடிவுகட்டி, பிரிண்டுகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலரை நிறுத்தித் தொடங்குவதிலும், பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுவதிலும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் செலவழித்தேன்.

பதில் அனுப்பியது பிரிண்டர் அல்ல. வாசலில் இருந்த கைரேகை வருகைப்பதிவுக் கருவி. பல சிறிய ரவுட்டர்கள், யாருக்கு எந்த முகவரியைக் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். மின்சாரம் போனால் பட்டியலும் போய்விடும். மின்சாரம் திரும்பியதும் முதலில் விழித்த வருகைப்பதிவுக் கருவி பிரிண்டரின் பழைய முகவரியைப் பெற்றுக்கொள்ள, மெதுவாக விழித்த பிரிண்டர் வேறு முகவரிக்குப் போயிருந்தது. மென்பொருளால் நிறுவிய கணினிகள் பழைய முகவரிக்கே பிரிண்டை அனுப்பிக்கொண்டிருந்தன. விண்டோஸ் தானாகக் கண்டுபிடித்து நிறுவியவற்றில், பிரிண்ட் போகும் வாயிலான போர்ட் டபிள்யூஎஸ்டி என்ற வகையில் அமைந்திருந்தது. அது முகவரியை நம்பாமல், நெட்வொர்க்கில் குரல் கொடுத்துப் பிரிண்டரைத் தேடும். கண்டுகொண்டால் பிரிண்ட் போகும், கண்டுகொள்ளத் தாமதமானால் ஆஃப்லைன் என்று நிற்கும். ஒரே கோளாறு மூன்று விதமாகத் தெரிந்ததற்கு நான் இரண்டு வழிகளைக் கலந்து நிறுவியதே காரணம்.

அன்று முதல் பிங் பதிலை மட்டும் நான் சாட்சியாக ஏற்பதில்லை. முகவரியைப் பிரவுசரில் இட்டு, பிரிண்டரின் அமைப்புப் பக்கம் திறக்கிறதா, அதில் காணும் மாடலும், தயாரிக்கும்போதே கருவிக்கு இடப்படும் மேக் முகவரியும் பிரிண்டர் அச்சிட்டுத் தரும் கான்ஃபிகரேஷன் தாளோடு ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்கிறேன். பிறகு விண்டோஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கருவியான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையைக் கொண்டு 9100 என்ற போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கிறேன். பெரும்பாலான நெட்வொர்க் லேசர் பிரிண்டர்கள் அந்தப் போர்ட்டில்தான் பிரிண்டை வாங்குகின்றன. பிரிண்டை அனுப்பும் வேறு முறைகளான எல்பிஆருக்கு 515, ஐபிபிக்கு 631. பிரவுசரிலும் பக்கம் திறந்து, 9100உம் திறந்திருந்தால் மட்டுமே, பார்வையைக் கணினியின் டிரைவர் பக்கம் திருப்புகிறேன்.

அந்தத் திங்கட்கிழமையில் இன்னொன்றும் நடந்தது. அதை நினைத்தால் இன்றும் கவலையாக இருக்கிறது. பிரிண்ட் வராதபோது மனிதர்கள் இயல்பாகவே பொத்தானைப் பலமுறை அழுத்துகிறார்கள். நான் முகவரியைச் சரிசெய்த நொடியில், எல்லாக் கணினிகளின் வரிசையிலும் தேங்கிக் கிடந்தவை ஒரே நேரத்தில் வெளியே வரத் தொடங்கின. ஒரே விற்பனை பில் ஐந்தாறு படிகளாக வந்தது. சரக்குக்கான ஜிஎஸ்டி பில்லை மூன்று படிகளாகத் தயாரிக்க வேண்டும்: வாங்குபவருக்கு அசல், வண்டிக்காரருக்கு இரண்டாம் படி, விற்பவருக்கு மூன்றாம் படி. கூடுதலாக வந்த அசல் ஒன்று வெளியே போயிருந்தால், ஒரே சரக்கு இருமுறை ஏற்றப்படவும் கணக்கு குழம்பவும் இடமுண்டு. அந்த அம்மா மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு, ஒவ்வொரு தாளையும் பில் எண் பார்த்துப் பிரித்துக் கிழித்தார். இப்போதெல்லாம் பழுது நீக்குவதற்கு முன், பயன்படுத்துபவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, வரிசையில் இருப்பவற்றில் எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டு நீக்குகிறேன். நீங்காமல் அடம்பிடித்தால் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்ற வரிசையில் இருக்கும் இடத்தைக் காலி செய்துவிட்டு, சேவையை மீண்டும் தொடங்குகிறேன். அந்தக் கணினியின் எல்லாப் பிரிண்டர்களுக்கும் உரிய வரிசைகள் அங்கே இருப்பதால், கேட்காமல் காலி செய்வது தவறு.

மறு ஞாயிறு விடுமுறையில் போய் எல்லாவற்றையும் அடியிலிருந்து செய்தேன். முதல் வேலை முகவரி. பிரிண்டரின் பேனலிலேயே நிலையான முகவரியைத் தட்டச்சு செய்துவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த முகவரி ரவுட்டர் தானாக வழங்கும் வீச்சுக்குள் இருந்தால், என்றாவது ஒருநாள் வேறொரு கருவிக்கும் அதே எண் போய்ச் சேரும். நான் தேர்ந்தெடுத்தது டிஹெச்சிபி ரிசர்வேஷன்: பிரிண்டரின் மேக் முகவரியை ரவுட்டரில் பதிந்து, இந்தக் கருவி கேட்டால் இந்த எண்ணை மட்டுமே கொடு என்று கட்டளையிடுவது. தானாக வழங்கும் வீச்சை, முகவரியின் கடைசி எண் 100க்கு மேல் வரும்படி வைத்துவிட்டு, கடைசி எண்ணாக 11 முதல் 15 வரையானவற்றைப் பிரிண்டர்களுக்கு ஒதுக்கினேன். ஸ்டோர் பிரிண்டர் யுஎஸ்பியிலேயே இருந்தாலும் அதற்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டேன். ஒதுக்கும் எண் வீச்சுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கேட்கும் ரவுட்டர்களும் உண்டு; அதில் தவறில்லை, பதிவு செய்த எண்ணை அவை வேறு கருவிக்குத் தராது. ரவுட்டரையும், நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் சுவிட்சையும் யுபிஎஸ்ஸில் சேர்த்தேன். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டக்கூடாது. டோனரைத் தாளில் பதிக்கும் ஃபியூசர் சூடாகும்போது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது.

இரண்டாவது பெயர். முன்பு மாடல் எண்ணே பெயராக இருந்தது. வேறு தளத்தில் அதே மாடல் இன்னொன்று இருந்ததால், விண்டோஸ் ஒன்றுக்குப் பின்னால் அடைப்புக்குறியில் எண் சேர்த்துவிட, எது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 'கணக்கு முதல் மாடி', 'வரைபடம் தரைத்தளம்' என்று இடத்தையும் வேலையையும் பெயராக்கினேன். பில் போடும் மென்பொருள்கள் பிரிண்டரின் பெயரை நினைவில் வைத்திருக்கும் என்பதால், ஒருமுறை வைத்த பெயரைப் பிறகு மாற்றாமல் இருப்பது நல்லது. பிரிண்டர் பழுதாகிப் புதிது வந்தபோதும் அதே பெயரையும் அதே முகவரியையும் கொடுத்தேன். டிரைவரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது.

மூன்றாவது போர்ட்டும் டிரைவரும். எல்லாக் கணினிகளிலும் டபிள்யூஎஸ்டி போர்ட்டை நீக்கி, ஐபி முகவரிக்கே நேராக அனுப்பும் ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்டை அமைத்தேன். எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் அங்கே இல்லை. டொமைன் உள்ள அலுவலகத்தில் குரூப் பாலிசி வழியாக எல்லாக் கணினிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடலாம். என்னிடம் இருந்தது ஒரு பென் டிரைவ். அதில் டிரைவர் கோப்புகளையும், அவற்றை முதலில் விண்டோஸில் சேர்க்கும் பிஎன்பியுடில் கட்டளைக்குப் பின் பவர்ஷெல்லின் ஆட்-பிரிண்டர்போர்ட், ஆட்-பிரிண்டர்டிரைவர், ஆட்-பிரிண்டர் ஆகிய மூன்று கட்டளைகளை முகவரி, டிரைவர் பெயர், பிரிண்டர் பெயர் ஆகியவற்றோடு வரிசையாக எழுதிய ஒரு ஸ்கிரிப்டையும் வைத்துக்கொண்டு, நிர்வாகி அனுமதியோடு ஒவ்வொரு கணினியிலும் ஓட்டினேன். ஒரு கணினிக்கு மூன்று நிமிடங்கூட ஆகவில்லை. முன்பு ஒரு நாள் முழுவதும் எடுத்த வேலை மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்தது. 34 கணினிகளிலும் எழுத்துப் பிசகாமல் ஒரே பெயர், ஒரே டிரைவர் பதிப்பு என்று அமைந்ததுதான், நேரம் மிச்சமானதைவிடப் பெரிய பயன். எந்தக் கணினியிலிருந்து புகார் வந்தாலும், மற்றதில் வேலை செய்வது இதில் ஏன் செய்யவில்லை என்று நேராக ஒப்பிட முடிகிறது.

இந்த முறையில் இன்னொரு நன்மையும் உண்டு. கணினியிலேயே டிசிபி/ஐபி போர்ட்டோடு அமைக்கப்பட்ட பிரிண்டர் அந்தக் கணினியின் எல்லா லாகின்களுக்கும் தெரியும். வேறொரு கணினி பகிரும் பிரிண்டரை அதன் பாதை வழியாக இணைத்தால், இணைத்த லாகினுக்கு மட்டுமே அது தெரியும். இரவு ஷிப்டில் வேறு பெயரில் நுழைபவருக்குப் பிரிண்டரே இருக்காது. அப்படியே பகிர வேண்டிய கட்டாயம் இருந்தால், விண்டோஸிலேயே உள்ள பிரிண்ட்யுஐ கருவியை ஜிஏ (/ga) என்ற குறிப்போடு ஓட்டி, லாகினுக்கு என்று இல்லாமல் கணினிக்கு என்று இணைக்கலாம்.

டெஸ்ட் பேஜ் வந்துவிட்டதால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக்கூடாது என்பதை வலியுறுத்தியே சொல்ல வேண்டும். அவரவர் மென்பொருளில் அவரவர் நாள்தோறும் எடுக்கும் தாளையே எடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். வரைபடப் பிரிவில் டெஸ்ட் பேஜ் அழகாக வந்தது. வரைபடத்தை அனுப்பினால், பிரிண்டர் விளக்கை மினுக்கிக்கொண்டு தாளுக்காகக் காத்து நின்றது. டிரைவரின் இயல்பு அளவு லெட்டர், டிரேயில் இருந்ததோ ஏ4. லெட்டர் 215.9க்கு 279.4 மில்லிமீட்டர், ஏ4 210க்கு 297. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பிரிண்டருக்கு அவை வெவ்வேறு தாள்கள். இதைச் சரிசெய்யும் இடம் இரண்டு. பிரிண்டிங் பிரிஃபரன்சஸ் பகுதியில் மாற்றினால், அப்போது லாகின் செய்திருப்பவருக்கு மட்டுமே மாறும். பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவலுக்குள் இருக்கும் பிரிண்டிங் டிஃபால்ட்ஸில் மாற்றினால், அந்தக் கணினியின் எல்லாருக்கும் அதுவே தொடக்க அளவாகும். இரண்டையும் நான் குழப்பிக்கொண்டதால், ஒரே புகாருக்கு மூன்று முறை போக வேண்டியிருந்தது.

சரக்கு அனுப்பும் பிரிவின் டாட் மேட்ரிக்ஸ் தனிக் கதை. அதில் நெட்வொர்க் வசதி இல்லை. பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தையான எஸ்பி ரோட்டில், அதை நெட்வொர்க்கோடு இணைக்கும் ஒரு சிறிய பிரிண்ட் சர்வர் பெட்டி வாங்கி மாட்டினேன். பிங் பதில் வந்தது, 9100 திறந்திருந்தது, மேக் முகவரியும் சரி. ஆனாலும் விண்டோஸ் அதை ஆஃப்லைன் என்றே காட்டியது. டிரைவர், கேபிள், பெட்டி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். டிசிபி/ஐபி போர்ட்டின் அமைப்பில், எஸ்என்எம்பி வழியாக நிலையை அறிவது என்ற குறி இடப்பட்டிருந்ததுதான் காரணம். பிரிண்டரிடம் விண்டோஸ் அந்த முறையில் நலம் விசாரிக்கும். அந்த மொழியே தெரியாத கருவி பதில் தராமல் இருந்தால், பிரிண்டை வாங்க அது தயாராக இருந்தாலும் ஆஃப்லைன் என்று எழுதிவிடும். குறியை எடுத்தவுடன் ஊசிகள் தாளில் ஓடத் தொடங்கின. பாதுகாப்புக்காகப் பிரிண்டரில் எஸ்என்எம்பியை அணைத்தாலும், அதற்குக் கடவுச்சொல்போல உள்ள கம்யூனிட்டி பெயரை மாற்றினாலும் இதே நிலைதான் ஏற்படும். இத்தகைய பெட்டியை எல்பிஆர் முறையில் இணைப்பவர்கள், பெட்டியின் கையேட்டில் உள்ள க்யூ (பிரிண்ட் வரிசை) பெயரை அப்படியே கொடுக்க வேண்டும். பெயர் பிசகினால் பிரிண்ட் போனதுபோல் தோன்றித் தாள் வராமலே போகலாம்.

நிர்வாகப் பிரிவில் நடந்ததை எழுதத் தயக்கம் இருந்தாலும், பிறருக்கு அது நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 2015 நவம்பரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், இயல்புப் பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அது இயங்கினால், கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரே இயல்புப் பிரிண்டராகிவிடும். ஊதியம் தயாரிக்கும் ஊழியர் காலையில் ஒரு வேலைக்காக வரைபடப் பிரிவுப் பிரிண்டரைப் பயன்படுத்தியிருக்கிறார். மாலையில் ஊதியப் பட்டியலை வழக்கம்போலப் பிரிண்ட் கொடுத்துவிட்டுத் தன் பக்கத்துப் பிரிண்டரிடம் போய் நின்றார். அந்தப் பட்டியல் தரைத்தளத்தில், எல்லாரும் கடந்து போகும் மேசையில் வெளிவந்தது. யார் எவ்வளவு வாங்குகிறார்கள் என்பதைச் சிலர் படித்துவிட்டார்கள். அந்த ஊழியர் கண்கலங்கி நின்றதை நான் பார்த்தேன். தவறு அவருடையது அல்ல, அந்த அமைப்பை அணைக்காமல் விட்டவன் நான். அன்றே எல்லாக் கணினிகளிலும் அதை அணைத்து, ஒவ்வொருவருக்கும் உரிய பிரிண்டரை நிலையாக்கினேன். ஊதியம், கணக்கு போன்ற தாள்கள், பிரிண்டரில் ரகசிய எண்ணை இட்டால்தான் வெளிவரும் வசதியையும் இயக்கினேன். பல அலுவலக லேசர் பிரிண்டர்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கும். டிரைவரில் ஒருமுறை இயக்கிவிட்டால் போதும்.

ஸ்டோரின் யுஎஸ்பி பிரிண்டரை அங்கிருந்த கணினி வழியாக எட்டுப் பேருக்குப் பகிர்ந்திருந்தேன். ஸ்டோர்க்காரர் வீட்டுக்குப் போகும்போது கணினியை அணைத்துவிட்டால் எட்டுப் பேருக்கும் பிரிண்டர் இல்லை. இதோடு 2021ஆம் ஆண்டும் சேர்ந்துகொண்டது. அந்த ஆண்டு ஜூலையில், பிரிண்ட்நைட்மேர் என்று அழைக்கப்பட்ட ஸ்பூலர் ஓட்டை வெளியே வந்தது; கணினியின் முழு ஆட்சியையும் வெளியாள் கைப்பற்ற அது வழிவிடக்கூடியது. ஆகஸ்ட் அப்டேட்டுக்குப் பிறகு, பகிரப்பட்ட பிரிண்டரின் டிரைவரை நிறுவ நிர்வாகி அனுமதி கட்டாயமானது. செப்டம்பரில் பகிர்ந்த பிரிண்டர்களை இணைத்தவர்களுக்கு 11பி என்று முடியும் பிழை எண் வரத் தொடங்கியது. ஸ்டோரின் எட்டுப் பேருக்கும் அதே எண்தான் வந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள், அவசரத்தில் நானும் அப்படியே செய்தேன். அந்த மதிப்பு, பிரிண்ட் பரிமாற்றத்துக்குப் போட்ட பூட்டையே கழற்றுவது என்பதை இரண்டு நாள் கழித்துப் படித்தறிந்து, மாற்றியதை மீட்டேன். பிறகு நிர்வாகத்திடம் விளக்கி, நெட்வொர்க் வசதியுள்ள ஒரு சிறிய லேசர் பிரிண்டரை ஸ்டோருக்கு வாங்க வைத்து, அதற்கென வைத்திருந்த எண்ணைக் கொடுத்தேன். எட்டுப் பேர் நாள்தோறும் பயன்படுத்தும் பிரிண்டரை ஒருவருடைய கணினியின் தயவில் விடுவது சிக்கனம் அல்ல என்பது என் உறுதியான கருத்து.

வைஃபை பற்றி ஒன்று மட்டும். லேப்டாப்பில் பிரிண்டர் கிடைக்கவில்லை என்றால், அது விருந்தினர் வைஃபையில் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த வைஃபை பொதுவாக உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கும். அப்படிப் பிரித்திருப்பதுதான் சரி.

டிரைவர்களைப் பற்றி இப்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. தயாரிப்பாளர்களின் பழைய வகை டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது; பொதுவான பிரிண்ட் முறைகளோடு ஒத்துப்போவதற்கான மோப்ரியா சான்று பெற்ற பிரிண்டர்களை ஐபிபி முறையில், விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் பொது டிரைவரால் இயக்குவதே இனி வரும் வழி. புதிய பிரிண்டர் வாங்கச் சொல்லும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்க்கிறேன். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் கணினிகளை ஒவ்வொன்றாக மாற்றும் வேலை நடக்கிறது. பழைய பிரிண்டர்களின் டிரைவர் கோப்புகளைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே எடுத்து, தேதியோடு ஒரு கோப்புறையில் சேமித்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, சுவிட்ச் இருக்கும் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன்: பிரிண்டரின் பெயர், இடம், ஐபி முகவரி, மேக் முகவரி, போர்ட், டிரைவரின் முழுப் பெயர். ஒவ்வொரு பிரிண்டரின் தலையிலும் பெயரும் முகவரியும் மட்டும் உள்ள சிறு சீட்டு இருக்கிறது. அமைப்புப் பக்கங்களின் கடவுச்சொற்களை மாற்றி, அவற்றை மூடிய உறையில் நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இணைய இணைப்பை மாற்றியபோது, வந்தவர்கள் பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பழைய ரவுட்டரோடு ஒதுக்கீடுகளும் போய்விட்டன. நான் அப்போது ஓசூரில் இருந்தேன். கணக்குப் பிரிவு அம்மா அழைத்து, "தம்பி, சீட்டுல 11ன்னு இருக்கு, பிரிண்டர் திரையில 104ன்னு காட்டுது" என்றார். எங்கே பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முன்பே அவர் பார்த்துவிட்டிருந்தார். பெட்டிக் கதவின் தாளைப் பார்த்து மேக் முகவரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் தொலைவிலிருந்து நிர்வாகக் கணினிக்குள் நுழைந்து, புதிய ரவுட்டரில் ஐந்தையும் பதிந்து, பிரிண்டர்களை அணைத்து இயக்கச் சொன்னேன். ஐந்தும் தத்தம் எண்ணுக்குத் திரும்பின. 34 கணினிகளில் ஒன்றின் பிரிண்டர் அமைப்பையும் தொடவில்லை. அன்றைய பில்களை எடுத்து முடித்து, அவர் தம் ரயிலுக்கு நேரத்தோடு போனார்.